திதியும் வாரமும் திருநூலும்
கிறித்தவத் திருநாட்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கிறித்தவர் ஆண்டுதோறும் கொண்டாடும் திருநாட்கள் யாவும் விவிலியத்திலிருந்து நேரே பெறப்பட்டவை என்னும் எண்ணம் அச்சமயத்தவரிடையேயும் ஏனையோரிடையேயும் பரவலாக நிலவுகின்றது. அவ்வெண்ணம் முற்றிலும் பிழையானதன்று. ஆயினும் வரலாற்று நோக்கில் அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளுதலும் இயலாது. இயேசுவின் பிறப்பு, மரணம், உயிர்ப்பு ஆகியன நற்செய்தி நூல்களிற் கூறப்படுகின்றன. ஆனால், அவற்றை ஆண்டுதோறும் குறித்த ஒரு நாளில் நினைவுகூர வேண்டும் என்னும் கட்டளை புதிய ஏற்பாட்டில் யாண்டும் இல்லை. இறுதி இராவுணவைத் தமது நினைவாகச் செய்யுமாறு இயேசு பணிக்கும் இடத்திலும் நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. மாறாக, நாட்களையும் மாதங்களையும் பருவங்களையும் ஆண்டுகளையும் கைக்கொள்வோரைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்திற் கடிந்துகொள்கின்றார். உரோமருக்கு எழுதுமிடத்தோ, ஒரு நாளை மற்றொரு நாளினும் உயர்வாகக் கருதுவோனும் எல்லா நாட்களையும் ஒப்பக் கருதுவோனும் தத்தம் உள்ளத்தில் உறுதி கொண்டிருப்பின் அமையும் என்கின்றார். ஒரே ஆசிரியரின் இவ்விரு கூற்றுகளும் பிற்காலத்தில் எதிரெதிர்க் கட்சியினருக்குப் படைக்கலங்களாயின.

ஆகவே, திருநாள் முந்தியதா, அதற்குரிய திருநூற் சான்று முந்தியதா என்னும் வினா ஒவ்வொரு திருநாள் குறித்தும் தனித்தனியே எழுப்பப்பட வேண்டியதாகும். ஈண்டுப் பாஸ்கா எனப்படும் உயிர்ப்புப் பெருவிழாவும் கிறிஸ்து பிறப்பு விழாவுமே பெரிதும் கருத்திற் கொள்ளப்படுகின்றன. முன்னதற்குத் திருநூலில் நாட்குறிப்பு உண்டு, பின்னதற்கு இல்லை. குறிப்பு உள்ள இடத்திலேதான் பூசல் முந்தியெழுந்தது என்பது விந்தையே.

யூதரின் பாஸ்கா விழா யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்திலும் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்திலும் விதிக்கப்படுகின்றது. பின்னாளில் நிசான் எனப் பெயர்பெற்ற முதல் மாதத்தின் பதினான்காம் நாள் மாலையில் ஆடு பலியிடப்படும். அதனையடுத்துப் புளிப்பில்லா அப்ப விழா தொடங்கும். பிறை தோன்றுவதோடு மாதம் தொடங்குதலின் பதினான்காம் நாள் பூரணையை ஒட்டியே வரும். நம்மவர் வழக்கிற் கூறின், இது திதியைக் கொண்டு வரையறுக்கப்படும் விழா. வாரத்தின் எக்கிழமையிலும் வரலாம்.

இயேசு இவ்விழாக் காலத்திற் கொலையுண்டார் என்பதிலும், அந்நாள் ஓய்வுநாளுக்கு முந்திய நாள் என்பதிலும் நற்செய்தி நூல்கள் நான்கும் உடன்படுகின்றன. திதி எதுவென்பதிலேயே வேறுபாடு தோன்றுகின்றது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவர் கூற்றின்படி இறுதி இராவுணவே பாஸ்கா உணவாகும். எனவே சிலுவை மரணம் பதினைந்தாம் நாளில் நிகழ்ந்ததாகும். யோவான் நற்செய்தியோ அந்நாளைப் பாஸ்காவுக்கு ஆயத்தஞ் செய்யும் நாள் என்கின்றது. அதன்படி, கோயிலில் ஆடுகள் பலியிடப்படும் பதினான்காம் நாளிலேயே இயேசுவும் உயிர் நீத்தார். இவ்விரு கூற்றுகளையும் இணக்க முயன்ற உரையாசிரியர் பலர். அம்முயற்சிகளின் வெற்றி தோல்வி ஒருபுறமிருக்க, கிறிஸ்துவையே பாஸ்கா ஆடாகக் காணும் கருத்து யோவானுக்கு முன்னரே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாந் திருமுகத்தில் இடம்பெற்றுள்ளமை கவனிக்கத்தக்கது. விழாவுக்கு வித்திட்டது அக்கருத்தேயன்றி நாட்கணக்கன்று.

இரண்டாம் நூற்றாண்டிற் சின்ன ஆசியாவிலிருந்த திருச்சபைகள் நிசான் பதினான்காம் நாளிலேயே, அது எக்கிழமையாயினும், பாஸ்காவைக் கொண்டாடின. உரோமாபுரியும் வேறு பல திருச்சபைகளும் அதனையடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையிற் கொண்டாடின. முன்னையோரைத் திதிக் கட்சியினர் என்றும் பின்னையோரை வாரக் கட்சியினர் என்றும் வசதி கருதிக் குறிப்பிடலாம். திதிக் கட்சியினருக்கு மோசேயின் சட்டமும் யோவானின் நற்செய்தியும் துணை நின்றன. வாரத்தின் முதல் நாளிலேயே கல்லறை வெறுமையாய்க் காணப்பட்டது என்று நான்கு நற்செய்திகளும் ஒருமுகமாகக் கூறுவது வாரக் கட்சியினருக்குத் துணையாயிற்று. ஒரு சாரார் திருநூலைப் பின்பற்றினர், மறு சாரார் மீறினர் என்று கூற இடமில்லை.

இவ்வேறுபாடு தொடக்கத்திற் பிரிவினையாக வளரவில்லை. ஏறத்தாழ 155ஆம் ஆண்டளவில் ஸ்மிர்னாவின் ஆயராகிய முதியவர் பொலிக்கார்ப்பு உரோமாபுரிக்குச் சென்று அந்நகர ஆயர் அனிசேத்துவுடன் இதுபற்றி உரையாடினார். எவரும் மற்றவரை இணங்கச் செய்ய இயலவில்லை. எனினும், அனிசேத்து தம் திருச்சபையில் நற்கருணை வழிபாட்டை நிறைவேற்றும் பேற்றினைப் பொலிக்கார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார்; இருவரும் அமைதியோடு பிரிந்தனர். ஏறக்குறைய 190ஆம் ஆண்டளவில் நிலைமை மாறியது. உரோமாபுரி ஆயர் விக்டர் ஆசியத் திருச்சபைகளைத் தம் உறவிலிருந்து விலக்க முற்பட்டார். அப்போது எபேசு நகர ஆயர் பொலிக்கிராத்து எழுதிய விடைமடலின் பகுதிகளைத் திருச்சபை வரலாற்றாசிரியராகிய யூசேபியு பேணித் தந்துள்ளார். அம்மடலிற் பொலிக்கிராத்து முதலிற் சான்றாகக் காட்டுவது கல்லறைகளையே. பிலிப்பு எராப்பொலியிலும், யோவான் எபேசுவிலும், பொலிக்கார்ப்பு ஸ்மிர்னாவிலும் துயில்கின்றனர். அவர்கள் யாவரும் நற்செய்திக்கு இணங்கப் பதினான்காம் நாளையே கைக்கொண்டனர் என்பது அவர் வாதம். அதன் பின்னர், தம் உறவினருள் எழுவர் ஆயர்கள் என்றும் தாம் எட்டாமவர் என்றும் கூறுகின்றார். தாம் திருநூல் முழுவதையும் பயின்றவர் என்பது இறுதியிலேயே வருகின்றது. முன்னோர் வழக்கும் குடிவழியும் முன்னிற்க, நூல் அவற்றுக்கு அரணாகப் பின்னிற்கும் இவ்வடைவு இக்கட்டுரைப் பொருளுக்கு மிக இன்றியமையாதது.

விக்டரின் செயலைத் தடுக்க முயன்றவர் லியோன் நகர ஆயர் இரெனேயு. அவர் தாமே ஞாயிறு கொண்டாடுபவர்; இளமையிற் பொலிக்கார்ப்பைக் கண்டு கேட்டவர். நோன்பிலுள்ள வேறுபாடு விசுவாசத்திலுள்ள ஒற்றுமையை மெய்ப்பிக்கின்றதேயன்றிக் குலைக்கவில்லை என்பது அவர் நிலைப்பாடு. இரண்டாம் நூற்றாண்டுப் பூசல் இலக்கியத்தில் இத்தகைய பெருந்தன்மை அருகியே காணப்படுவது.

யூதரின் நாளைக் கைக்கொண்ட ஆசியத் திருச்சபையினர் யூதர்பாற் பரிவுடையோராய் இருந்திருப்பர் என்று ஒருவர் எதிர்பார்க்கலாம். திதிக் கட்சியைச் சார்ந்த சார்தை நகர மெலித்தோவின் பாஸ்கா மறையுரை அதற்கு மாறான சான்றாகும். நெடுங்காலம் மறைந்து கிடந்து 1940இல் அச்சேறிய அவ்வுரை யாத்திராகமப் பகுதியை வரிக்கு வரி கிறிஸ்துவுக்கு ஏற்றி விளக்கி, ஈற்றில் இஸ்ரவேலர் மீது மிகக் கொடிய குற்றச்சாட்டைச் சுமத்துகின்றது. நூலும் நாளும் ஒன்றாயிருக்க, அவற்றின் உரிமை யாருக்கு என்பதிலேயே போட்டி. இப்போட்டியின் நிழல் ஐரோப்பிய வரலாற்றில் நீண்டு படிந்தது.

325இல் நீக்கேயாச் சங்கம் திருச்சபை முழுவதும் ஒரே ஞாயிறன்று பாஸ்காவைக் கொண்டாட வேண்டும் எனத் தீர்மானித்தது. அது குறித்துக் கொன்ஸ்தந்தைன் பேரரசன் விடுத்த மடலில் திருநூற் சான்றினும் மேலோங்கி நிற்பது யூதரின் வழக்கத்தைப் பின்பற்றலாகாது என்னும் எண்ணமே. விழா நாளைக் கணிக்கும் முறை படிப்படியாக உருவாயிற்று. பத்தொன்பது சூரிய ஆண்டுகள் 235 சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ ஈடாகும் என்னும் அடிப்படையில் அலெக்சாந்திரியாவினர் அமைத்த சுழற்சியே ஈற்றில் வெற்றிபெற்றது. வசந்த காலச் சமவிராக் காலத்தை ஒட்டியோ அதன் பின்னரோ வரும் பூரணையை அடுத்த ஞாயிறு என்பது அதன் சுருக்கம். இதன்படி பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே அமையும். திதியும் வாரமும் இங்கே சமரசம் செய்துகொண்டன எனலாம். எனினும் சுழற்சிகள் வேறுபட்ட இடங்களிற் குழப்பம் நீடித்தது. வட இங்கிலாந்தில் ஒஸ்வியு மன்னன் பாஸ்கா விருந்துண்ணும் வேளையில் அவன் அரசி தவக்கால நோன்பிலிருந்த நிலையைப் பீட் என்னும் வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளார். 664இல் விற்பியில் நடந்த அவையில் ஒரு சாரார் யோவானையும் மறு சாரார் பேதுருவையும் சான்று காட்டினர். விண்ணகத் திறவுகோல் பேதுருவிடம் இருப்பதால் அவரைப் பகைத்தலாகாது என்று மன்னன் முடிவு செய்தான்! கணிதமும் அறியாது வேத விளக்கமும் ஆராயாது கூறப்பட்ட அத்தீர்ப்பே அந்நாட்டில் நிலைத்தது. 1582இற் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரெகோரியார் பஞ்சாங்கத்தைத் திருத்தியபோது ஒக்ரோபர் 4ஐ அடுத்த நாள் 15 ஆயிற்று. கீழைத் திருச்சபைகள் பெரும்பாலும் பழைய கணிப்பிலேயே பாஸ்காவைக் கொண்டாடி வருகின்றன. நீக்கேயாவின் 1700ஆம் ஆண்டாகிய 2025இல் இரு சாராருக்கும் ஏப்ரல் 20 ஒரே நாளாய் அமைந்தது தற்செயலே.

நூலுக்கும் நாளுக்கும் மிக நெருங்கிய பிணைப்பு ஏற்பட்ட இடம் நான்காம் நூற்றாண்டு எருசலேம். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அங்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண் எழுதிய குறிப்பு இதனைத் தெளிவாக்குகின்றது. அந்தந்த நாளுக்கும் அந்தந்த இடத்துக்கும் பொருத்தமான திருநூற் பகுதிகள் வாசிக்கப்பட்டமையை அவர் வியந்து மீண்டும் மீண்டும் கூறுகின்றார். ஒலிவ மலையிலிருந்து சிறுவர் கிளைகளேந்தி ஆயரோடு நகருக்குள் இறங்கி வருதலும், பெரிய வெள்ளியன்று சிலுவை மரத்தை முத்துதலும் அவர் கண்டவை. குருத்தோலை ஞாயிறு முதலாகத் தனித்தனித் திருநாட்கள் பரவியதற்கு இவ்வெருசலேம் வழக்கம் பெருங் காரணமாயிற்று. ஆயினும் இங்குங்கூட நூல் ஒரே குரலிற் பேசவில்லை. உயிர்ப்புக்குப் பின் நாற்பதாம் நாள் விண்ணேற்றம் என்பது அப்போஸ்தலர் நடபடிகளின் முதலதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டது. அதே ஆசிரியருடையதாகிய லூக்கா நற்செய்தியின் இறுதியதிகாரத்தை மட்டும் படிப்போருக்கு அது உயிர்ப்பு நாளிலேயே நிகழ்ந்ததாகத் தோன்றும்.

கிறிஸ்து பிறப்பு விழாவின் நிலை வேறு. மத்தேயுவும் லூக்காவும் பிறப்பை விரித்துரைத்தபோதிலும் மாதத்தையோ நாளையோ கூறவில்லை. மூன்றாம் நூற்றாண்டிற் பெரும் விவிலிய அறிஞராய் விளங்கிய ஒரிகன், திருநூலிற் பிறந்தநாள் கொண்டாடியோர் பார்வோன், ஏரோது போன்ற பாவிகளே என்று சுட்டிக்காட்டினார். இருநூறாம் ஆண்டளவில் அலெக்சாந்திரியக் கிளெமந்து, சிலர் இயேசுவின் பிறந்தநாளை எகிப்திய மாதக் கணக்கில் ஆராய்ந்து கூறுவதைக் குறிப்பிடுகின்றார். அவை நமது கணக்கில் ஏப்ரலிலும் மே மாதத்திலும் அமைவன. டிசெம்பர் 25 அவர் பட்டியலில் இல்லை. அந்நாள் முதன்முதலிற் காணப்படுவது 354ஆம் ஆண்டு உரோமத் தொகுப்பொன்றில். அதிலுள்ள குறிப்பு 336ஆம் ஆண்டளவினதாகக் கருதப்படுகின்றது.

ஏன் டிசெம்பர் 25? இரு கருதுகோள்கள் உள. வெல்லப்படாத சூரியன் என்னும் தெய்வத்துக்கு 274இல் அவுரேலியன் பேரரசன் கோயில் எடுத்தான். அத்தெய்வத்தின் பிறப்பு விழாவைத் திருச்சபை தன்வயமாக்கியது என்பது ஒன்று. இது பலராலும் ஐயத்துக்கிடமற்ற உண்மை போலக் கூறப்படுகின்றது. ஆனால் டிசெம்பர் 25ஐ வெல்லப்படாதவனின் பிறப்பு நாளாகக் கூறும் சான்றும் அதே 354ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே உள்ளது. யார் யாரிடம் பெற்றனர் என்பதை அதனைக் கொண்டு துணிதல் எளிதன்று. 1889இற் பிரெஞ்சு அறிஞர் துஷேன் மற்றொன்றை முன்வைத்தார். நிசான் பதினான்காம் நாளை உரோமப் பஞ்சாங்கத்துக்கு மாற்றிய மேலைத் திருச்சபையினர் இயேசுவின் மரண நாளை மார்ச் 25 எனக் கொண்டனர். தெர்த்துல்லியன் காலம் முதல் இதற்குச் சான்றுண்டு. கருவில் உருவான நாளும் மரித்த நாளும் ஒன்றே என்னும் நம்பிக்கையும் அகுஸ்தீனாற் குறிப்பிடப்படுகின்றது. மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணின் டிசெம்பர் 25 கிட்டும். இக்கருதுகோள் சரியாயின், நூலில் நாளில்லாத திருநாள் நூலில் நாளுள்ள திருநாளின் கணக்கிலிருந்து பிறந்ததாகும். இரண்டனுள் இதுவே கிறித்தவ ஆசிரியர்களின் மனப்பாங்குக்கு அணுக்கமானதாகத் தோன்றுகின்றது.

இவ்விழா கிழக்கே சென்ற விதம் இதனினும் சுவையானது. அங்குச் சனவரி 6ஆம் நாளே பழைய வழக்கு; ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அதனையே கொள்கின்றது. அந்தியோக்கியாவில் ஏறக்குறைய 386இல் ஆற்றிய மறையுரையில் யோவான் கிறிசொஸ்தொம், இந்நாள் தம்மவருக்குத் தெரியவந்து பத்தாண்டுகூட ஆகவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றார். பின்னர் அதற்குத் திருநூற் சான்று தேடுகின்றார். லூக்காவிற் கூறப்படும் சகரியா பாவநிவாரண நாளன்று திருத்தூயகத்திற் புகுந்த தலைமைக் குரு என்று கொண்டு, எலிசபெத்து கருவுற்ற மாதத்தை அதிலிருந்து கணித்து, ஆறாம் மாதத்தில் மரியாவுக்குத் தூது, அதிலிருந்து ஒன்பது மாதம் என்று எண்ணி டிசெம்பரை அடைகின்றார். லூக்காவோ சகரியாவைத் தலைமைக் குரு என்று கூறவில்லை. அபியாவின் முறையைச் சேர்ந்த, சீட்டு விழுந்து தூபங்காட்டச் சென்ற ஒரு குரு என்றே கூறுகின்றார். கிறிசொஸ்தொம் போன்ற நுண்ணிய உரையாசிரியர் இதனைக் கவனியாது விட்டமைக்குக் காரணம், விழா முன்னரே வந்து நின்றமைதான்.

பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தம் இவ்வடைவைத் தலைகீழாக்க முயன்றது. லூத்தர் கிறிஸ்துவின் திருநாட்களைப் பேணினார். ஜெனீவா நகரம் 1550இல் ஞாயிறு தவிர்ந்த திருநாட்களை நீக்கியது. ஸ்கொத்லாந்துச் சீர்திருத்தவாதிகள் 1560இல் அவற்றைக் கண்டித்தனர். இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1645இல் ஏற்ற வழிபாட்டு ஒழுங்கு, இறைவார்த்தையில் ஆதாரமற்ற திருநாட்கள் தொடரப்படலாகாது என்று விதித்தது. 1647 யூன் மாதத்திற் கிறிஸ்மசும் ஈஸ்டரும் பெந்தெகொஸ்தேயும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. வேலையாட்களும் தொழில் பயில்வோரும் ஓய்வுக்கு என்ன செய்வர் என்னும் வினா உடனே எழுந்தது. மாதந்தோறும் இரண்டாஞ் செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விடுமுறையாக அளிக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைக்கு விவிலியத்தில் என்ன ஆதாரம் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் 25இல் கன்ரபரி நகரிற் கலகம் மூண்டது. கடைகளைத் திறக்கச் செய்ய முயன்ற நகரபிதாவைக் கூட்டம் தாக்கியது. அரசியற் காரணங்களும் அக்கலகத்திற் கலந்திருந்தன. எனினும், நூலாதாரம் இன்மையால் மட்டும் ஒரு நாள் மக்கள் வாழ்விலிருந்து மறைந்துவிடாது என்பது அன்று வெளிப்பட்டது. 1660இல் முடியாட்சி மீண்டதோடு திருநாட்களும் மீண்டன. அத்திலாந்திக்குக்கு அப்பால் மசாசுசெற்சில் 1659இற் கிறிஸ்மஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கப்பட்டது. அச்சட்டம் 1681இல் நீங்கியபோதிலும் 1856இலேயே அந்நாள் அங்குச் சட்டபூர்வ விடுமுறையாயிற்று.

தூய்மைவாதிகளின் வாதத்திலிருந்த இடர் ஞாயிற்றுக்கிழமை பற்றியது. ஏனைய நாட்களை நூலாதாரமின்மை கூறி நீக்கிய அவர்கள் ஞாயிற்றை மிகக் கடுமையான ஓய்வுநாளாகப் பேணினர். பத்துக் கட்டளைகள் கூறுவதோ ஏழாம் நாளாகிய சனி. வாரத்தின் முதல் நாளிற் கூடுதல், காணிக்கை சேர்த்தல் பற்றிப் புதிய ஏற்பாட்டில் ஓரிரு குறிப்புகள் உள. ஓய்வு அந்நாளுக்கு மாற்றப்பட்டது என்னும் கூற்று இல்லை. இதனைச் சுட்டிக்காட்டிச் சனியையே கைக்கொண்ட சிறு குழுவினர் அந்நூற்றாண்டிலேயே இங்கிலாந்திற் தோன்றினர். ஞாயிறு பொது ஓய்வுநாளானது கொன்ஸ்தந்தைனின் 321ஆம் ஆண்டுச் சட்டத்தினால். அச்சட்டமும் உழவருக்கு விலக்களித்தது. ஓய்வுநாளை அரசு அமைக்கலாம், மாற்றவும் செய்யலாம் என்பதை இலங்கை மக்கள் அறிவர். 1966 முதல் 1971 வரை இந்நாட்டிற் போயா நாளே வார விடுமுறையாய் இருந்தது. ஞாயிறு பெரும்பாலும் வேலைநாளாயிற்று. திதி வாரத்தை வென்ற காலம் அது.

ஈழத்துத் தமிழரிடையே இவ்வைரோப்பிய வேறுபாடுகள் யாவும் அடுத்தடுத்து வந்து படிந்தன. கிறிஸ்மசைக் குறிக்கும் ‘நத்தார்’ என்னும் நமது சொல் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. பாடுகளின் நாடகத்துக்கு வழங்கும் ‘பாஸ்கு’ என்னும் பெயரோ எபிரேயச் சொல்லின் வழிவந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், டோர்ட் சங்கம் 1618–19இல் வகுத்த ஒழுங்கின்படி கிறிஸ்மஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகியவற்றை ஏற்ற சபையினர். புனிதர் திருநாட்கள் அவர்களுக்கு உடன்பாடல்ல. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் மசாசுசெற்சு முதலிய நியூ இங்கிலாந்துத் தூய்மைவாத மரபிலே தோன்றியோர். அவர்கள் புறப்பட்டபோது அங்குக் கிறிஸ்மஸ் விடுமுறை நாளாக இருக்கவில்லை. ஒரே குடாநாட்டில், புனிதர் திருநாட்களைப் பெருவிழாவாகக் கொண்டாடும் கத்தோலிக்க ஊரும், நாட்களை ஐயத்தோடு நோக்கிய மரபினரின் மிஷன் நிலையமும் அயலயலே இருந்தன.

இச்சூழலிலேயே ஆறுமுக நாவலர் 1854இற் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட அவருக்கு அந்நூல் கைவந்ததொன்று. சைவரின் கிரியைகள் வீணெனக் கூறிய மிஷனரிமாருக்கு அவர் விவிலியத்தையே எடுத்துக் காட்டினார். எருசலேம் ஆலயத்தில் இஸ்ரவேலர் விதிப்படி ஆற்றிய வழிபாட்டோடு சைவ வழிபாட்டை ஒப்பிட்டு, முன்னது கடவுள் கட்டளையாயின் பின்னதை இகழ்தல் எவ்வாறு பொருந்தும் என்பதே அவர் வாதத்தின் போக்கு. யாத்திராகமமும் லேவியராகமமும் கூறும் சடங்குகள் கிறிஸ்துவின் வருகைக்கு முன்னடையாளமான நிழல்களே, வருகையோடு அவை நீங்கின என்பது இதற்குக் கிறித்தவர் வழக்கமாகக் கூறும் விடை. அவ்விடைக்கு ஆதாரமான கொலோசெயர் திருமுகத்துப் பகுதி நீங்கிய நிழல்களாக எண்ணிச் சொல்வன உணவு, பானம், திருநாள், அமாவாசைப் பிறை, ஓய்வுநாள் என்பனவாம்.